ழ துள்ளும் இயந்திரம்

அளுத்கடையில், பிரக்கிராசி சவரிமுத்துவின் கந்தோரில்
தமிழ் டைப்ரைட்டர் ஒன்றுதான்.
அதில் ழ மட்டும் வரியில் நிற்காது,
அரை நூல் மேலே துள்ளும்.
ரிப்பன் மாற்றியும் பார்த்தாயிற்று.

அறுபத்தொன்பது ஓகஸ்ட் கடைசியில்,
முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில்
யோகமலரைக் கடலில் தள்ளினார் வடிவேற்கரசன்.
கல்கிசைப் பாறை. ஒற்றைச் செருப்பு. தொடரும்.
மூன்று ஞாயிறு பொறுத்தேன்.
அவர் அவளைத் தேடவே இல்லை.
புருஷனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான்காம் கிழமை, சோற்றுப் பார்சல் ஆறினால் ஆறட்டும் என்று
மூன்று தாள், இடையில் இரண்டு கார்பன்,
யோகமலரை வெள்ளவத்தையில் கரையேற்றினேன்.
ஈரச் சேலையோடு தண்டவாளம் தாண்டி
காலி வீதிக்கு வந்து
அவள் முதலில் கேட்டது புருஷனை அல்ல,
ஒரு பிளேன்டீ.

ஒரு பிரதி கொம்பனித்தெருவில் எங்கள் முடுக்குக்கு.
ஒன்று கொட்டாஞ்சேனையில் பிலோமினாவின் தையல் வகுப்புக்கு.
மற்றது பஸ்ஸுக்கு பஸ் கைமாறி
தெமட்டகொடை ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை போனதாம்.
திரும்பி வந்தபோது ஓரத்தில் யாரோ பென்சிலால்:
"அவளுக்கு ஒரு வேலை எடுத்துக் கொடுங்கோ."
கொடுத்தேன். கோட்டையில், தந்திக் கந்தோரில்.
பெயர் போடவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால்
டைப்பிங்கும் நின்றுவிடும்.

ஒக்டோபர் மழையில் அவரே வந்தார்.
குடை சொட்டச் சொட்ட, கையில் என் நாற்பத்தோராம் அத்தியாயம்,
கடைசிக் கார்பன், எழுத்தெல்லாம் புகை.
"நான் கொன்றவளை எவனோ நடக்க வைக்கிறான் ஐயா.
தெருவில் என்னை மறித்து
அவள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்."
எவனோ.
நான் நோட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டேன்.

பிரக்கிராசி சொல்லச் சொல்ல அடித்தேன்:
பகிரங்க அறிவித்தல். மேற்படி பாத்திரத்தின் உயிரும் மரணமும்
எமது கட்சிக்காரருக்கே உரியன.
எழுதியவர், வழங்கியவர், ஒளித்து வைத்து வாசித்தவர்...
இழப்பீடு. வழக்கு. பதினான்கு நாள்.
ழ ஒவ்வொன்றும் துள்ளியது,
வகுப்பில் கை உயர்த்தும் பிள்ளை மாதிரி.

கையெழுத்துப் போடக் குனிந்தவர் நின்றார்.
அறிவித்தலையும் அத்தியாயத்தையும்
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
பிறகு என்னை.
காது மடல் சுட்டது.

கேட்க வாயில் வந்தது:
மட்டக்குளியில் விடிய விடியக் கூத்தாடுபவர்கள்
எந்தப் பழம் புலவரிடம் கடிதம் வாங்கினார்கள்?
உங்கள் யோகமலரின் மாமியார்
போன வருஷப் படத்து மாமியார்தானே?
கேட்கவில்லை. சம்பளம் நூற்றுப் பத்து ரூபாய்.

அவர்தான் பேசினார், பிரக்கிராசிக்குக் கேட்காத குரலில்:
"அவளைத் தள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது பிள்ளை.
எழுதி முடித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
நீர் ஒரு பிளேன்டீயில் எழுப்பிவிட்டீர்."
கொஞ்சம் பொறுத்து:
"அவளுக்கு நீந்தத் தெரியாதே.
நான் சொல்லிக் கொடுக்கவில்லையே."

"முகத்துவாரத்தில் வளர்ந்தவள் என்று
இரண்டாம் அத்தியாயத்தில் நீங்கள்தானே எழுதினீர்கள்," என்றேன்.
"ஆற்று வாயில் வளர்ந்த பிள்ளைக்கு நீச்சலை வேறு எழுத வேண்டுமா?"

அறிவித்தல் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது.
குடையை மறந்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பத்திரிகையைப் பிரித்தால்
யோகமலர்! எட்டு வயதில், முகத்துவாரத்தில்,
கழுத்தளவு களனி கங்கையில் நீந்துகிறாள்.
கடைசிப் பத்தியில் வளர்ந்தவளாய்க் கரையேறி வந்து
கேட்கிறாள், பாவி மனுஷன், ஒரு பிளேன்டீ.

என் பிளேன்டீ.

திங்கள் காலை, யாரும் வருமுன், தாள் சொருகி
பகிரங்க அறிவித்தல் என்று அடித்தேன்.
எழுதியவர் என்ற இடத்தில் ழ துள்ளிற்று.
அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு தாளை உருவிவிட்டு
புதிதாய் மூன்று வைத்து, நாற்பத்திரண்டு என்று போட்டேன்.
மழை விடவில்லை.
தந்திக் கந்தோரில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையை
யோகமலர் எடுத்துக்கொண்டு
வெளியே இறங்கினாள்.